அக்கா சொல்லித் தந்த பத்துச் சொற்கள்

தோர்ண்டன் ஹீத்
லண்டன்
6 மே 2025

திருமதி யசோதினி அவர்களுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை. அதனால் ஊர்க் கவுன்சில் அலுவலகத்துக்கு எழுதுவது போல எழுதுகிறேன்.

கிளப் டொக்டர் இன்று காலை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினார். முழுவதும் வாசித்தேன். போன மாத ரக்பி ஆட்டத்தில் என் தலையில் அடிபட்டபோது நான் நினைவுச் சோதனையில் தேறியது பொய்யாம். அவர்கள் வாசிக்கும் பத்துச் சொற்களையும் நீங்களே எனக்கு முன்கூட்டிப் பாடமாக்கித் தந்தீர்களாம். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த இடத்தில் நான் தடுமாறினேனாம். ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர்தான் நீங்கள்.

அந்தச் சொற்பட்டியல்கள் மொத்தமே ஏழு. எங்கள் உடைமாற்றும் அறையில் பாதிப்பேருக்கு அவை மனப்பாடம். எவனுடைய அக்காவும் டொக்டருக்கு எழுதவில்லை. என்னுடைய அக்காதான் எழுதினாள்.

இப்போது எனக்குப் பயிற்சி இல்லை, ஆட்டம் இல்லை. ஜூன் பன்னிரண்டாம் திகதி வெளியிலிருந்து ஒரு நரம்பு நிபுணர் என்னைச் சோதிப்பாராம். அவர் சரி என்றால்தான் மறுபடி மைதானம்.

போன் எடுக்க வேண்டாம். உங்கள் இலக்கத்தைத் தடுத்துவிட்டேன். வீட்டுப் பக்கமும் வர வேண்டாம். திரை பார்க்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருப்பதால் கையால் எழுதுகிறேன், பாசத்தால் என்று நினைத்துவிடாதீர்கள்.

நம் குடும்பத்தில் காட்டிக் கொடுத்தவன் என்று இதுவரை ஒருவன்தான் இருந்தான். அது நான், எட்டு வயதில். இப்போது எனக்குத் துணைக்கு நீங்களும் வந்துவிட்டீர்கள்.

இப்படிக்கு,
ஜெரோசன்


குட்மேய்ஸ்
9 மே 2025

தம்பிக்கு,

கவுன்சிலுக்கு எழுதுவது போல எழுதியிருக்கிறாய். கவுன்சில் ஒரு மாதம் கழித்துத்தான் பதில் போடும். நான் மூன்றாம் நாளே போடுகிறேன், பார்த்துக்கொள்.

அடிபட்டு நாலு கிழமை ஆகப் போகிறது. இன்னும் போன் வெளிச்சம் பார்க்க முடியாமல் பேப்பரும் பேனையும் எடுத்திருக்கிறாய். பிறகு எந்த வாயால் தலை சுகம் என்கிறாய்?

நீ டொக்டருக்குச் சொல்லாததை நான் சொன்னேன். ஓம், சொன்னேன். என்ன கண்டேன் என்று உனக்கும் சொல்கிறேன், உனக்கு அதில் பாதி நினைவிருக்காது.

ஏப்ரல் பதின்மூன்று, நானும் சுவர்ணாவும் மூன்றாம் வரிசையில் இருந்தோம். நீ பந்தோடு ஓடினாய், இரண்டு பேர் கீழே பிடித்தார்கள், மூன்றாமவனுடைய தோள் உன் தாடையில் பட்டது. நீ எழும்பினாய். எழும்பி நேரே போய் மற்ற அணியின் வாங்கில், அவர்களுக்கு நடுவில், இருந்தாய். சனம் சிரித்தது. நீ பகிடி விடுகிறாய் என்று நினைத்துச் சுவர்ணாவும் கை தட்டினாள். உன்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். கால் மணித்தியாலத்தில் நீ கையை உயர்த்திக்கொண்டு திரும்பி ஓடி வந்தாய். நீ எப்படித் தேறினாய் என்று அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு சாப்பிட வந்தாய். "அத்தான் எங்க?" என்று மூன்று தரம் கேட்டாய். அத்தான் உனக்குப் பக்கத்தில் இருந்து உன்னுடைய இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டிருந்தார். பிறகு கழிப்பறைக்குப் போக எழும்பி, நடையில் நின்று ஒவ்வொரு கதவாகப் பார்த்தாய். ஒன்பது வருடமாக வந்துபோகிற வீடு. சுவர்ணா சமையலறைக்கு வந்து, "மாமாக்கு என்னம்மா?" என்று மெல்லக் கேட்டாள். பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கியது.

எனக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை. குரோய்டனுக்கு வேலைக்கு வருகிற ரயிலில் இருந்து போனில் உனக்குப் பாடமாக்கித் தந்தது நான்தான். இங்கிலீஷ் சொல் பத்தும் வரிசை மாறாமல் நிற்க வேண்டும் என்று தமிழில் ஒரு விசர்க் கதை கட்டித் தந்ததும் நான்தான். கதவைத் திறந்தால் மிளகு மணம். ஏணியில் ஒரு குதிரை. மழையில் அதன் சட்டைப் பொத்தான் கழன்று பாலத்துக்குக் கீழே போகும். தலையணைக்கு அடியில் கரண்டி, கரண்டியில் நரி. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சின்னப் பிள்ளை போலச் சிரித்தேன். அது உன் மூளையைப் பார்க்க வைக்கிற சோதனை என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. உண்மையாக, ஏதோ கிளப் விதி என்றுதான் நினைத்தேன்.

என் தொழிலில், ஆள் சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. டொக்டருக்கும் அப்படித்தான் எழுதினேன்.

சாப்பிடுகிறாயா? 

அக்கா


தோர்ண்டன் ஹீத்
17 மே 2025

அக்கா,

இந்தத் தரம் அக்கா என்று எழுதுகிறேன். உதவி கேட்பதற்காக.

உங்களிடம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. நேரே வந்து சொல்லி உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன், நீங்கள் அதைக் கெடுத்துவிட்டீர்கள். மார்ச் மாதம் பிரான்ஸ் அணியின் பயிற்சியாளர் எனக்குப் போன் எடுத்தார். ஒக்டோபர் ஆட்டத்துக்கு முன்வரிசையில் என்னை எடுக்கிறார்களாம். ஜூன் பதினாறு முகாம் தொடங்குகிறது. முப்பத்து மூன்று வயதில், முதல் தரம்.

பிரான்ஸ், அக்கா. அகதி என்று போன எங்களை நம்பவில்லை என்று எழுத்தில் தந்த நாடு. அந்தக் கடிதம் இன்னும் அப்பாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. அதே நாடு தன் அணியின் சேவல் முத்திரை வைத்த நீலச் சட்டையை எனக்குப் போட்டுவிடப் பார்க்கிறது. அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் போனில் அழுதார்.

என்னுடைய வேலை என்னவென்று நீங்கள் ஒன்பது வருடம் பார்த்திருக்கிறீர்கள். ஆறு தரம் விழுத்தும்வரை பந்து எங்களுடையது. அந்த ஆறில் முதல் தரம் என்னுடையது. எதிரே மூன்று பேர் ஓடி வருவார்கள் என்று தெரிந்தும் பந்தை வாங்கி நேரே ஓடி விழ வேண்டும். என் பெயரை அறிவிப்பாளன் சொல்வது மிக அரிது. பதினாலு வருடத்தில் பதினொரு தரம்தான் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துப் புள்ளி எடுத்திருக்கிறேன். தென் பிரான்சில் கார்க்கசோன் பக்கத்துச் சின்னக் கிளப்பில் தொடங்கி, பிறகு தெற்கிலேயே இன்னொன்று, வட இங்கிலாந்தில் குளிரில் மூன்று வருடம், இங்கே லண்டனில் ஆறு வருடம். மூக்கு மூன்று தரம் உடைந்தது. தோளில் இரண்டு ஆணி. இடது சின்ன விரல் இனி மடங்காது. ஒன்றுக்கும் நான் நின்றதில்லை. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூட வாத்தியார் என் நெஞ்சில் தள்ளிப் பார்த்து, "இவன் அசைகிறானில்லை, இவனை எனக்குத் தாருங்கள்" என்றார். அன்றைக்குத் தொடங்கியது. அதுவரை அந்த ஊரில் எங்களைத் தா என்று ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். டொக்டருக்கு இன்னொரு மின்னஞ்சல் போடுங்கள். தம்பியோடு கோபத்தில் கூட்டி எழுதிவிட்டேன் என்று இரண்டு வரி. அந்த நிபுணர் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு சோதித்தால் என்னைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்.

இரண்டு வரிதான் அக்கா. வேறு ஒன்றும் நான் உங்களிடம் கேட்டதில்லை.

ஜெரோசன்


குட்மேய்ஸ்
21 மே 2025

தம்பி,

உன் கடிதத்தைக் குளியலறைக்குள் போய் இருந்து வாசித்தேன். நீலச் சட்டை என்ற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வரி எழுத மாட்டேன்.

அப்பா நேற்றுப் போன் எடுத்தார். "பிள்ளையின்ர வாயில மண்ணைப் போட்டிட்டியே" என்றார். நான் அவருக்கு ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை. நீயும் திட்டிப் போடு, அவரும் திட்டட்டும், எனக்கு முதுகு அகலம்.

நீ சொல்வதெல்லாம் எனக்குத் தெரியும். உன் மூக்கு இரண்டாம் தரம் உடைந்தபோது அவசரப் பிரிவில் உன் பக்கத்தில் இருந்து, நீ கேட்ட கொத்துரொட்டியைப் பிய்த்து ஊட்டியது யார்? தோளில் ஆணி வைத்தபோது ஆறு கிழமை உனக்குச் சட்டை போட்டுவிட்டது யார்? எலும்பு உடைந்த நேரத்தில் ஒரு நாளாவது விளையாடாதே என்றேனா? எலும்பு பொருந்தும். நான் கட்டுப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இது எலும்பில்லையடா. ஒக்டோபரில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீ முதல் பந்தை வாங்கி ஓடுவாய், உன்னை நான் அறியேனா. இன்னொரு தோள் அதே இடத்தில் பட்டால்? அப்பா அந்தச் சேவல் சட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார். அது என்ன சட்டை என்று நீ அவரிடம் கேட்பாய்.

டொக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டுச் சோதனைக்குப் போ. சொல்லிவிட்டுத் தேறினாயானால், அக்கா முகாம் வாசல்வரை உன் பையைத் தூக்கிக்கொண்டு வருவேன். கிளப்பில் அத்தனை பேருக்கும் இறைச்சி ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வருவேன். இது சத்தியம்.

அக்கா


தோர்ண்டன் ஹீத்
28 மே 2025

அக்கா,

சரி. எழுத வேண்டாம்.

நான் தேறுவேன். ஒவ்வொரு நாளும் காலையில் பூங்கா மேட்டில் நடக்கிறேன், பிறகு வீட்டில் இருந்து பட்டியல் ஏழையும் வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் குதிரைக் கதை மாதிரி மற்ற ஆறுக்கும் நானே கதை கட்டிவிட்டேன். உங்களளவு நன்றாக இல்லை, ஆனால் நிற்கிறது. நிபுணர் எதை எடுத்தாலும் என்னிடம் இருக்கும். நீங்கள் எனக்கு நன்றாகத்தான் சொல்லித் தந்திருக்கிறீர்கள்.

உள்ளதைச் சொல் என்கிறீர்கள். ஒருதரம் சொன்னேன், அக்கா. மறந்துவிட்டீர்களா? இரண்டாயிரமாம் ஆண்டு, பாரிசில் அந்த அகதி அலுவலகம். இத்தாலியில் மூன்று மாதம் இருந்ததைச் சொல்லக் கூடாது, சொன்னால் அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கொழும்பிலிருந்து நேரே பிளேனில் வந்தோம் என்று சொல்ல வேண்டும் என்று எங்களைக் கூட்டி வந்த ஏஜென்ட் சொன்னான். மெத்ரோ ரயிலில் வைத்து நீங்கள் எனக்குப் பத்துத் தரம் சொல்லித் தந்தீர்கள். "பிளேன். ஒரு பிளேன். நீலச் சீற்." நான் அப்படியே சொன்னேன். அந்த அதிகாரி மனுசி சிரித்துக்கொண்டு, "கெட்டிக்காரன், நல்லா ஞாபகம் வைச்சிருக்கிறாய்" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னா. நான் பெருமையில், "அக்கா சொல்லித் தந்தவ" என்றேன்.

சில மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. வீட்டில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தது உங்களுக்கு மட்டும்தான். நீங்கள்தான் அப்பாவுக்கு வாசித்துச் சொன்னீர்கள், தம்பி சொன்னதால்தானாம் என்று. மேல்முறையீடு முடியும்வரை எங்களைப் பிரான்சின் தெற்கே அனுப்பினார்கள். ஒரு அறையில் நாலு வருடம். அம்மா மூன்றாம் வருடம் செத்துப் போனா. விசாத் தாளை அவ கண்ணாலும் காணவில்லை. அப்பா எனக்கு ஒரு நாளும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. யாராவது வீட்டுக்கு வந்தால், "தம்பி, நீ கதையாமல் இரு" என்று மட்டும் சொல்வார்.

கதையாமல் ஓடி விழுகிற வேலையை நான் ஏன் எடுத்தேன் என்று நினைக்கிறீர்கள்? இனி இன்னொரு அதிகாரிக்கு முன்னால் வாய் திறக்க மாட்டேன். பன்னிரண்டாம் திகதி பத்துக்குப் பத்து.

ஜெரோசன்


குட்மேய்ஸ்
2 ஜூன் 2025

என் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நான் இருபத்தைந்து வருடத்துக்கு முதல் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் இருந்ததற்கு ஒரே காரணம் பயம்.

அந்த மறுப்புக் கடிதம் நாலு பக்கம். அப்பாவின் பெட்டியில் இருப்பது மூன்று. மூன்றாம் பக்கத்தை அன்றைக்கே எடுத்து என் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த வீடு மாறினாலும் அது என்னோடு வந்தது. கிழித்துப் போட்டிருக்கலாம், மனம் வரவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். உனக்குப் பிரெஞ்சு என்னைவிட நன்றாகத் தெரியும், நீயே வாசி. என் வாயால் ஒருதரம் வாசித்தது போதும்.

அதில் உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

உனக்கு முதல் அந்த மனுசி என்னோடு கதைத்தா. எனக்குப் பதினாலு வயது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு விசுக்கோத்துப் பெட்டியை நீட்டினா. நான் எடுத்துக்கொண்டு, "கிராட்சியே" என்றேன். மூன்று மாதம் மிலானில் யார் எதைத் தந்தாலும் அப்படித்தானே சொன்னோம், தானாக வந்துவிட்டது. அவ ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. இன்னொன்றும் எடுக்கச் சொன்னா. அதற்கும் கிராட்சியே என்றேன்!

மூன்றாம் பக்கத்தின் நடுவில் இருக்கிறது. மூத்த மகள் இருமுறை இத்தாலிய மொழியில் நன்றி கூறினாள், இத்தாலியில் தங்கியதை இக்குடும்பம் மறைத்துள்ளது, ஆகவே இவர்களின் ஏனைய கூற்றுகளையும் நம்புவதற்கில்லை. 

கடிதம் வந்த அன்று அப்பா என் முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து நின்றா. நீ மேசைக்குக் கீழே கார் உருட்டிக்கொண்டிருந்தாய். நான் மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அப்பா, "ஆராலயாம்?" என்று கேட்டார். என் கண் கீழே போனது. "தம்பி ஏதோ சொன்னவனாம்" என்றேன். நீ எட்டு வயதுக் குழந்தை, உனக்கு அடி விழாது, நாலு நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் மறக்கவில்லை. அம்மாவின் செத்த வீட்டில் நீ ஒரு மூலையில் ஒருவரோடும் கதைக்காமல் நின்றாய். அன்றைக்குச் சொல்ல நினைத்து வாய்வரை வந்து விழுங்கினேன்.

இன்றைக்கு நான் சனங்களுக்கு மொழிபெயர்க்கப் போகிற ஒவ்வொரு நாளும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று உறுதி சொல்லித்தான் தொடங்குகிறேன். என்னுடைய முதல் மொழிபெயர்ப்பு பொய். அதை உன் தலையில் கட்டினேன்.

நேற்று அப்பாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசிவரை கேட்டார். பிறகு போனை வைத்துவிட்டார்.

என்னை மன்னி என்று இப்போது கேட்கவில்லை. அது பிறகு. பன்னிரண்டாம் திகதி நீ என்ன செய்கிறாயோ அது உன்னுடைய முடிவு. ஆனால் வாய் திறந்தால் குடும்பம் அழியும் என்று நினைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போகாதே. உன் வாயால் எங்களுக்கு ஒரு நாளும் ஒரு கெடுதியும் வந்ததில்லை, ராசா. 

யசோதினி


குட்மேய்ஸ்
9 ஜூன் 2025

தம்பி,

ஒரு கிழமையாகிறது. தபால் பெட்டி மூடி அடிக்கிற சத்தத்துக்கெல்லாம் ஓடிப் போய்ப் பார்க்கிறேன். பீட்சாக் கடை விளம்பரம்தான் வருகிறது.

வியாழக்கிழமை எனக்குக் குரோய்டனில் வேலை. இரண்டு மணிக்கு முடிந்துவிடும். உன் இடத்துக்கு ஒரு பஸ் தூரம், ஆனால் நீ வரச் சொல்லாமல் வர மாட்டேன். 

அக்கா


தோர்ண்டன் ஹீத்
13 ஜூன் 2025

அக்கா,

முதலில் ஒன்று. உங்களோடு கோபம் இன்னும் இருக்கிறது. அந்த மின்னஞ்சல் கோபம் போய்விட்டது, இது வேறு. அந்தத் தாளை வாசித்துவிட்டுச் சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டு மூடி, அலுமாரிக்கு மேலே எறிந்தேன். இரண்டு நாள் கழித்து இறக்கி மறுபடி வாசித்தேன். மூன்றாம் தரம் வாசிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது விசுக்கோத்துக்கும் கிராட்சியே! ஒன்றோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

பிறகு யோசித்தேன். அந்த மறுப்பு வராவிட்டால் எங்களைத் தெற்கே அனுப்பியிருக்க மாட்டார்கள். பாரிசில் வளர்ந்திருப்பேன், ரக்பி என்றால் என்னவென்று தெரியாமல் எங்காவது ஒரு கடையில் நின்றிருப்பேன். உங்கள் விசுக்கோத்து எனக்குப் பதினாலு வருடத் தொழிலைத் தந்திருக்கிறது. அம்மாவையும் எடுத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதனால்தான் பதில் போடவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், கூட்டாமல் குறைக்காமல்.

நிபுணர் ஒரு பெண், அம்மாவின் வயது இருக்கும். முதலில் கண், பிறகு ஒற்றைக் காலில் நிற்பது, பிறகு கோட்டில் நடப்பது. எல்லாம் ஒப்பேற்றினேன். பிறகு ஒரு தாளை எடுத்து, பத்துச் சொல் வாசிப்பேன், திருப்பிச் சொல்லுங்கள் என்றா. வாசிக்கத் தொடங்கினா. கதவு. மிளகு. ஏணி. குதிரை.

அக்கா, ஏழு பட்டியலில் அவ எடுத்தது நம்முடையது.

சட்டை என் கைக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவ வாசித்து முடிக்க முதலே மீதி எல்லாம் என் வாயில் நின்றன. கதவு, மிளகு, ஏணி, குதிரை, மழை என்று நிற்காமல் சொன்னேன். அவ பேனையால் குறித்துக்கொண்டே சிரித்தா. "நல்ல ஞாபகசக்தி" என்றா.

பாரிசில் அந்த மனுசி சிரித்த அதே சிரிப்பு. அதே சொல்.

நான் நிறுத்திவிட்டேன். பொத்தான் நுனி நாக்கில் இருந்தது. பாலம் இருந்தது. பதினாறாம் திகதி முகாம் இருந்தது. அப்பா போனில் அழுதது காதில் கேட்டது. அவ, "மிச்சம் நினைவில்லையா?" என்று கேட்டா.

"எல்லாம் நினைவிருக்கு. அக்கா சொல்லித் தந்தவ" என்றேன். 

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அவ பேனையை வைத்துவிட்டு, "நன்றி" என்றா. பிறகு லாச்சியைத் திறந்து வேறொரு தாளை எடுத்தா. கிளப்புகளுக்குத் தராத பட்டியலாம். அதிலிருந்து பத்துச் சொல் வாசித்தா. நான் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கோடு தாண்டுவதற்கு முன்னால் நிற்கிற கடைசி ஆளை இடிக்கிற மாதிரி முயன்றேன். நாலு வந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டபோது இரண்டு.

இனி விளையாட முடியாது என்று அவ என் முகத்தைப் பார்த்துச் சொன்னா. ஒக்டோபர் மட்டும் இல்லை, இனி எப்போதும். ஒரு வருடம் தலையைப் பார்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் திரும்பும், அநேகமாகத் திரும்பும் என்றா. நான் வெளியே வந்து மருத்துவமனை வாசல் படியில் இருந்து அழுதேன். பெரிய உடம்பு அழுதால் சனம் விலகி நடக்கிறது.

பிரான்ஸ் பயிற்சியாளருக்கு நானே போன் எடுத்தேன். அப்பாவுக்கும் எடுத்தேன். நான் சொல்ல முதலே அவர், "ராசா, நீ கதை. நான் கேக்கிறன்" என்றார். ஒரு மணித்தியாலம் கதைத்தேன். அம்மாவைப் பற்றிக்கூடக் கதைத்தோம். உங்களைப் பற்றி ஏசினார், பிறகு அந்தப் பிள்ளைக்கும் பதினாலு வயதுதானே என்றார். அவருக்குப் போன் எடுங்கள்.

செவ்வாய்க்கிழமை கிளப்புக்குப் போகிறேன். பை எடுக்க மட்டும் இல்லை. உடைமாற்றும் அறையில் எல்லோரையும் இருத்தி, ஏழு பட்டியலும் நமக்குப் பாடம் என்பது டொக்டருக்குத் தெரியும், இனி அவை செல்லாது, காரணம் நான்தான் என்று சொல்லப் போகிறேன். எனக்கு எப்படி நாலு மட்டும் வந்தது என்றும் சொல்லப் போகிறேன். சிலபேர் என்னைக் காட்டிக் கொடுக்கிறவன் என்பார்கள். சொல்லட்டும், எட்டு வயதிலிருந்து பழகிய பேர்தானே. முதல் ஓட்டம் எப்போதும் என்னுடையது. ஆர் எதிரே வந்தாலும் ஓடிப் பழக்கம்.

உங்கள் இலக்கத்தைத் திறந்துவிட்டேன். ஞாயிறு சாப்பிட வருகிறேன். நடையில் கழிப்பறைக் கதவைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் சத்தமாகக் கேட்பேன், சுவர்ணாவைச் சிரிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். மூன்றாம் பக்கத்தையும் கொண்டு வருகிறேன். அதை அப்பாவின் பெட்டிக்கு அனுப்ப வேண்டும், நாலு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

பத்தில் நாலு, அக்கா. அந்த நாலும் ஒருவரும் சொல்லித் தராதவை.

தம்பி
ஜெரோசன்